குளவியை நம்பச் சொல்வது: கொங்கு நாட்டில் அறிவியல் பேசப்பட்ட விதம்

2008இல் கோவையில் ஒரு புதிய பூச்சி அடையாளம் காணப்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி அது. இந்தியாவுக்குள் அதை முதலில் கண்டது இங்கேதான். பப்பாளியோடு நிற்காமல் ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கத்து மரவள்ளிக்கும், உடுமலைப் பக்கத்து மல்பெரிக்கும் தாவியது. உடம்பெல்லாம் மெழுகு பூசியிருப்பதால் மருந்து சரியாக உள்ளே இறங்காது. மல்பெரியில் மருந்தடித்தால் இலையைத் தின்னும் பட்டுப்புழுவுக்கும் ஆபத்து. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தார்கள். பெங்களூரின் தேசியப் பூச்சி ஆய்வு நிறுவனமும் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அவற்றைப் பெருக்கின. வேளாண் அறிவியல் நிலையங்களும் துணை நிற்க, குளவிகள் தோட்டம் தோட்டமாக விடப்பட்டன.

இந்தக் கதையை ஒரு பூச்சியியல் வெற்றியாகத்தான் எழுதுகிறார்கள். அறிவியலை விளக்கிச் சொன்னதில் கிடைத்த வெற்றியாகவும் அதை எழுத வேண்டும் என்பது என் எண்ணம். கண்கூடாகப் பயிர் அழிந்துகொண்டிருக்கும்போது, "மருந்தடிக்காதீங்க, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இந்தக் குளவி பாத்துக்கும்" என்று சொன்னால் யார் நம்புவார்? மருந்தை நிறுத்தாவிட்டால் விட்ட குளவியும் செத்துப்போகும். ஆக, காரணம் புரியாமல் இந்தத் தீர்வு வேலையே செய்யாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் குளவி முட்டையிடும். வெளிவரும் புழு உள்ளிருந்தே தின்று வளரும். பூச்சி வெறும் கூடாகும். கூட்டில் துளைபோட்டுப் புதுக் குளவி வெளியேறும். இதைக் கேட்டதும் எந்த விவசாயிக்கும் எழும் கேள்வி ஒன்று உண்டு: "பூச்சி தீந்துபோனா குளவி அப்புறம் பயிரைத் திங்காதுங்களா?" நல்ல கேள்வி. அந்தக் குளவி மாவுப்பூச்சியில் மட்டுமே வளரும், பூச்சி குறையும்போது தானும் குறையும் என்பதுதான் பதில். உயிரியல் கட்டுப்பாட்டின் அடிப்படையே அந்தப் பதிலுக்குள் அடங்கிவிடுகிறது. ஓராண்டுக்குள் பூச்சி அடங்கியது. ஐந்தாண்டில் கிடைத்த பலன் 50 கோடி டாலருக்கும் மேல் என்று பின்னர் மதிப்பிட்டார்கள்.

இப்படிப்பட்ட பேச்சுக்கு இந்த மண்ணில் முன்னோடிகள் உண்டு. ஈரோட்டுப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெரியசாமித் தூரனை இன்று பெரும்பாலும் கீர்த்தனைகளுக்காக நினைக்கிறோம். திருப்பூர்க்காரரான தி. சு. அவினாசிலிங்கம் தலைமையேற்ற தமிழ் வளர்ச்சிக் கழகத்துக்காக, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்த முதன்மைப் பதிப்பாசிரியர் அவர். அந்தந்தத் துறை வல்லுநர்களிடம் கட்டுரை வாங்கி, பொதுவாசகருக்குப் புரியும் தமிழில் செப்பனிட்ட உழைப்பு அது. கோவையில் ஜி. ஆர். தாமோதரன் தொடங்கிய 'கலைக்கதிர்' மாத இதழும் அந்தக் காலத்ததுதான். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல் முதல்வர் ஒருவர் அறிவியலுக்கென்றே தமிழ் இதழ் நடத்தினார் என்பது சாதாரண விஷயமல்ல. ஆனால் களஞ்சியமும் இதழும் ஒருவழிப் பாதைகள். வாசகர் திருப்பிக் கேட்க அங்கே இடம் குறைவு.

அந்த இடத்தை வானொலி ஓரளவு கொடுத்தது. 1960களில் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளால் ஆடுதுறை 27 நெல் தஞ்சை வட்டாரத்தில் பரவி, 'ரேடியோ நெல்' என்றே பெயர் வாங்கியது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் 'உழவரின் வளரும் வேளாண்மை' இதழ் அச்சில் இன்னொரு கதவைத் திறந்தது. விண்வெளித் துறையிலும் நம்மவர் ஒருவர் உண்டு. பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்து, கோவையில் பொறியியல் படித்து, சந்திரயான்-1 திட்டத்துக்கு இயக்குநரான மயில்சாமி அண்ணாதுரை தமிழிலேயே எழுதினார், பேசினார். ஆய்வு செய்தவரே சொல்லும்போது வரும் நம்பகம் வேறு.

ஆனால் வெற்றிக் கதையைச் சொல்வது எளிது. விளக்குபவருக்கு உண்மையான சோதனை தென்னையில் வந்தது. 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் சுருள் வெள்ளை ஈ தலைகாட்டியது. அது கழிக்கும் தேன் போன்ற கழிவு கீழ் மட்டைகளில் விழ, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து தோப்பே கறுத்துவிடும். என்கார்சியா என்ற குளவியைக் காப்பாற்றுங்கள், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையைக் கட்டுங்கள், கரும்பூசணத்துக்கு மைதா பசைக் கரைசல் தெளியுங்கள், பூச்சிக்கொல்லி வேண்டாம் என்பது பரிந்துரை. பப்பாளியில் கண்டதுபோல் ஓராண்டில் அடங்கும் என்று இங்கே சொல்ல முடியவில்லை. வெயில் காலந்தோறும் பெருகுகிறது. "முற்றிலும் போகாது, அளவுக்குள் வைக்கலாம்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லும் விஞ்ஞானிக்குக் கைதட்டல் கிடைக்காது. ஆனாலும் அப்படிச் சொல்பவரே வேண்டும்.

தென்னையையே தாக்கும் கேரள வேர்வாடல் நோய் இன்னும் கடினம். பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் மரத்தின் உணவுக் குழாய்க்குள் இருந்துகொண்டு வருத்துகிறது. சாறு உறிஞ்சும் பூச்சிகள் அதை மரத்துக்கு மரம் கடத்துகின்றன. குணமாக்கும் மருந்து கிடையாது. நோய் முற்றிய மரத்தை வெட்டு, தாங்கும் ரகத்தை நடு என்றுதான் சொல்ல முடியும். அப்பன் வைத்த மரத்தை வெட்டச் சொல்ல வரும் ஆலோசகருக்குக் குறிப்புத்தாள் போதாது. திண்ணையில் உட்கார்ந்து, "எதுக்குங்க வெட்டணும்?" என்பதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

2022இல் மரவள்ளி மாவுப்பூச்சி என்ற வேறொரு பூச்சிக்கு எதிராக, ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வந்த குளவியைச் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டபோது பழைய அனுபவம் துணைக்கு இருந்தது. ஆனால் அந்த அனுபவத்தின் பேச்சு வடிவம், யார் என்ன கேட்டார், விஞ்ஞானி எப்படிச் சொன்னபோது புரிந்தது என்பதெல்லாம், நம் இதழ்களின் பக்கங்களுக்கு வந்து சேரவில்லை. 1912இல் நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்கு நிலையம், ஆனைக்கட்டியில் பறவைகளை ஆயும் சலீம் அலி மையம், வன மரபியல் நிறுவனம் எல்லாம் கோவையைச் சுற்றியே இருக்கின்றன. அங்கே நடக்கும் ஆய்வு ஆங்கிலத்தில் வெளியாகிறது. பக்கத்து ஊருக்குச் செய்தித் துணுக்காக மட்டும் வருகிறது.

எழுத்தாளருக்கு நேர்காணல் எடுக்கப் பத்துப் பக்கம் ஒதுக்கும் இலக்கிய இதழ்கள் ஆண்டுக்கு நான்கு விஞ்ஞானிகளுக்காவது அதே இடத்தைத் தரட்டும். கேள்வி கேட்பவராக ஒரு விவசாயியையும் உடன் அழைத்துப் போங்கள்.