பள்ளி வாரியத்தை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

வாஷிங்டன் நகரத்தின் வடமேற்கு எல்லையிலிருந்து விரியும் மான்ட்கோமரி கவுன்ட்டி, மேரிலாந்து மாநிலத்திலேயே மக்கள்தொகை மிகுந்தது. 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாழும் அந்தக் கவுன்ட்டி முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம். மாணவர்கள் ஏறத்தாழ 1,60,000 பேர். ஆண்டுச் செலவு 300 கோடி டாலருக்கு மேல். இதை மேற்பார்க்கும் கல்வி வாரியத்தில் இருப்பவர்கள் எட்டுப் பேர். ஏழு பேரை வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், எட்டாமவரை மாணவர்கள். எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போவது, எந்தப் புத்தகம் வகுப்பறைக்குள் வருவது, எந்தப் பண்டிகைக்குப் பள்ளியை மூடுவது, கண்காணிப்பாளராக யாரை அமர்த்துவது ஆகிய எல்லாம் இவர்கள் மேசைக்குத்தான் வந்து சேர்கின்றன. ஆனால் வாக்குச்சீட்டில் அதிபர், செனட்டர், நீதிபதிகள் என்று இறங்கிவந்த பிறகே இவர்கள் பெயர் கண்ணில் படும். பெயருக்குப் பக்கத்தில் கட்சியும் இருக்காது.

அமெரிக்காவின் பெரும்பாலான பள்ளி மாவட்டங்கள் இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களால்தான் நடக்கின்றன. இந்தத் தேர்தலே வேண்டாம், மேயர் நியமித்தால் பொறுப்பு ஓரிடத்தில் இருக்கும் என்று வாதிடுவோர் உண்டு. நியூயார்க் நகரம் 2002-இல் அந்த வழிக்குப் போனது. சிகாகோ 1995-இலேயே போய்விட்டு, 2024-இல் மீண்டும் தேர்தலுக்குத் திரும்பத் தொடங்கியது. தேர்தல் இருக்க வேண்டும் என்பதே என் நிலை. பள்ளியால் யார் வாழ்க்கை மாறுகிறதோ அவர்களில் பலருக்கு அதில் வாக்கில்லை, வாக்குள்ளவர்களில் பலருக்குப் பள்ளியைப் பற்றித் தெரியவில்லை. முறையின் கோளாறு இந்த இரண்டிலும் இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் பலம். 2023-இல் மான்ட்கோமரியில் ஒரு தலைமையாசிரியர்மீது பாலியல் தொந்தரவுப் புகார்கள் நிலுவையில் இருந்தபோதே அவருக்குப் பதவி உயர்வு தரப்பட்டது பத்திரிகையில் வெளிவந்தது. அந்த உயர்வுக்கு வாரியமும் ஒப்புதல் தந்திருந்தது. விசாரணைகள் நடந்தன. 2024 தொடக்கத்தில் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளரே பதவியை விட்டு விலகினார். அந்த ஆண்டே மூன்று இடங்களுக்குத் தேர்தல். மறுபடி போட்டியிட்ட மூன்று உறுப்பினர்களில் இருவர் மே மாத முதற்சுற்றிலேயே வெளியேறினர்; மூன்றாமவர் நவம்பரில் தோற்றார். நியமன முறையில் இது இவ்வளவு விரைவில் நடந்திருக்குமா என்பது சந்தேகம். தவறு நடந்தது, மக்கள் பார்த்தார்கள், ஆட்களை மாற்றினார்கள். தேர்தலிலிருந்து நாம் எதிர்பார்ப்பதும் அதுதானே!

இதே முடிவை மறுபக்கமிருந்தும் பார்க்க வேண்டியிருக்கிறது. வென்ற மூவருமே ‘ஆப்பிள் பாலட்’டில் இடம்பெற்றவர்கள். கவுன்ட்டியின் ஆசிரியர் சங்கம் தேர்தலுக்குத் தேர்தல் அச்சிட்டு வாக்குச்சாவடி வாசலில் கொடுக்கும் ஆப்பிள் வடிவத் தாள் அது. சங்கம் ஆதரிக்கும் வேட்பாளர்கள் யார் யார் என்பது அதில் இருக்கும். வேட்பாளர்களைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வரிசையில் நிற்கும் வாக்காளர், ஆசிரியர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அதையே பார்த்துக் குறிக்கிறார். அவரைக் குறைசொல்ல முடியாது. கட்சிப் பெயர் இல்லாத சீட்டில், கேள்விப்படாத பெயர்களுக்கு நடுவே அவருக்குக் கிடைத்த ஒரே தகவல் அதுதான். ஆசிரியர் சங்கம் தனக்குப் பிடித்தவரைப் பரிந்துரைப்பதும் நியாயமே. வகுப்பறையை அவர்களைவிட அறிந்தவர் யார்? ஆனால் வாரியத்தின் பெரிய கடமைகளில் ஒன்று, அதே சங்கத்தோடு மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து சம்பள ஒப்பந்தம் பேசுவது. எதிரே உட்காருபவரைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த செல்வாக்கு இந்தப் பக்கத்துக்கே இருக்கும்போது, அந்தப் பேச்சில் பெற்றோருக்காகவும் வரி கட்டுவோருக்காகவும் பேசுவது யார்? சங்கம் தன் வேலையைச் செய்கிறது. அதற்கு இணையாக வாக்காளரின் கையில் வேறெந்தத் தாளையும் வைக்காமல் விட்டது கவுன்ட்டியின் குறை.

கட்சிப் பெயரைப் போட்டுவிட்டால் தீருமா? ஃப்ளோரிடாவில் 2024 நவம்பரில் இதை மக்கள் முன் வைத்தார்கள். பள்ளி வாரியத் தேர்தலைக் கட்சித் தேர்தலாக்கும் அந்த அரசமைப்புத் திருத்தத்துக்குப் பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தும், தேவையான 60 விழுக்காட்டை அது எட்டவில்லை. எட்டாதது நல்லதென்றே நினைக்கிறேன். ஒரு வேட்பாளரின் கட்சி தெரிந்தால் அவர் துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று ஊகிக்கலாம். மூன்றாம் வகுப்பில் படிக்கத் திணறும் பிள்ளைக்கு அவர் என்ன செய்வார் என்பது அதிலிருந்து தெரியாது. பணமும் இந்த வெற்றிடத்தைத் தேடித்தான் வருகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் 2017-இல் நடந்த பள்ளி வாரியத் தேர்தலில் பொதுப் பணத்தில் தனி நிர்வாகத்தின்கீழ் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளின் ஆதரவாளர்களும் ஆசிரியர் சங்கமும் எதிரெதிரே நின்று செலவழித்ததில் மொத்தச் செலவு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலரைத் தொட்டது.

மான்ட்கோமரியில் வாரியத் தேர்தல் இரட்டைப்படை ஆண்டுகளில் அதிபர், ஆளுநர் தேர்தல்களோடு சேர்ந்தே நடக்கிறது. வாக்களிக்க வருவோர் அதிகம், அவர்களில் பள்ளியை நினைத்து வந்தவர் குறைவு. நியூயார்க் மாநிலத்தில் பெரும்பாலான ஊர்களில் இது தலைகீழ். மே மாதத்தின் மூன்றாம் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கென்றே தனித் தேர்தல். உறுப்பினர்களோடு பள்ளியின் ஆண்டுச் செலவுத் திட்டத்துக்கும் வாக்கு. விவரம் தெரிந்தவர்கள் வருகிறார்கள், ஆனால் சிலரே. இப்படித் தனி நாளில் வைக்கும் தேர்தல்களில் அமைப்பாகத் திரண்டவர்களின் கை ஓங்குகிறது என்று அரசியல் அறிஞர் சாரா அன்சியா 2014-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டினார். கலிஃபோர்னியா, இல்லினாய், ஒஹாயோ, ஓக்லஹோமா ஆகிய நான்கு மாநிலங்களின் வாக்காளர் பதிவேடுகளை வைத்து விளாடிமிர் கோகனும் வேறு இருவரும் செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வருத்தம் தருவது. அங்கே வாரியத்தைத் தேர்ந்தெடுத்தவர்களில் பெரும்பான்மையோர் வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருக்க வாய்ப்பு குறைவு. மாணவர்களில் பெரும்பான்மையினர் வெள்ளையரல்லாத மாவட்டங்கள் பலவற்றிலும் வாக்காளர்களில் பெரும்பான்மையினர் வெள்ளையராகவே இருந்தார்கள். பொதுத் தேர்தலோடு சேர்த்து நடத்தினால் இந்த இடைவெளி குறையும். அதனால் நான் மான்ட்கோமரியின் பக்கம்தான் சாய்வேன். வந்த கூட்டத்துக்கு விவரம் சேர்ப்பது எப்படியாவது முடியும். வராதவர்களை மே மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் வரவழைப்பது முடிகிற காரியமில்லை.

பிள்ளையில்லாதவர்களுக்கு வாக்கே தராமல் விட்டால் என்ன என்று ஒருவருக்குத் தோன்றலாம். நியூயார்க் சட்டம் முன்பு ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. வீடோ நிலமோ உடையவர், குத்தகைக்கு வைத்திருப்பவர், அவர்களை மணந்தவர், பொதுப் பள்ளியில் பிள்ளை படிக்கும் பெற்றோர் ஆகியோருக்கு மட்டுமே பள்ளித் தேர்தலில் வாக்கு. லாங் ஐலண்டில் பெற்றோர் வீட்டில் தங்கியிருந்த 31 வயது மணமாகாதவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 1969-இல் கிரேமர் வழக்கு என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. தீர்ப்பு சரியானது, வரி கட்டுவதிலும் ஊரில் வாழ்வதிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் பொதுப் பள்ளியில் பிள்ளை இல்லாதவர்களும் வாக்களிப்பதன் கடைசி எல்லையை அதே மாநிலத்தின் ஈஸ்ட் ராமபோ பள்ளி மாவட்டத்தில் காணலாம். அங்கே பொதுப் பள்ளி மாணவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் பிள்ளைகள். வாரியத்தைத் தேர்ந்தெடுக்கும் பெரும்பான்மையோரின் பிள்ளைகள் படித்ததோ தனியார் மதப் பள்ளிகளில். பொதுப் பள்ளிகளில் ஆட்களும் பாடங்களும் குறைந்துகொண்டே போயின. முழு மாவட்டமும் எல்லா இடங்களுக்கும் வாக்களித்த முறை சிறுபான்மையினரின் வாக்கை நீர்த்துப்போகச் செய்தது என்று 2020-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகே வட்ட வாரியான தேர்தல் வந்தது.

மான்ட்கோமரியின் நிலைமை அவ்வளவு கொடியதல்ல என்றாலும் முறை கிட்டத்தட்ட அதேதான். ஐந்து உறுப்பினர்கள் அவரவர் வட்டத்தில் வசிக்க வேண்டும், ஆனால் அவர்களுக்கும் கவுன்ட்டி முழுவதும் வாக்களிக்கிறது. வடக்கே கிளார்க்ஸ்பர்க்கும் ஜெர்மன்டவுனும் உள்ள பகுதியில் இந்தியக் குடும்பங்கள் நிறைய; தமிழ்க் குடும்பங்களும் கணிசம். அங்குள்ள பள்ளி எல்லைகளை வாரியம் 2019-இல் மாற்றியபோது பெற்றோரின் எதிர்ப்பு பலமாக இருந்தது. மாற்றம் சரியா தவறா என்பது வேறு கேள்வி. எதிர்த்தவர்கள் தங்கள் வட்ட உறுப்பினரைத் தாங்கள் மட்டுமே மாற்றிவிட முடியாத அமைப்பில் இருந்தார்கள் என்பதே இங்கே முக்கியம். சிறுபான்மைக் கோரிக்கைகளை வாரியம் கையாளும் விதத்திலும் இதன் தடம் தெரிகிறது. ஈத் பெருநாளைப் பள்ளி நாட்காட்டியில் குறிக்கும்படி முஸ்லிம் பெற்றோர் கேட்டபோது, 2014 நவம்பரில் வாரியம் 7-க்கு 1 என்ற வாக்கில் எல்லா மதப் பண்டிகைகளின் பெயர்களையும் நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கும் யூதப் புத்தாண்டுக்கும் பள்ளி மூடுவது மட்டும் தொடர்ந்தது. கேட்டவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை, மற்றவர்களுக்கு மனக்கசப்பு மிஞ்சியது. 2023-இல் தன்பாலினக் குடும்பங்கள் இடம்பெறும் கதைப் புத்தக வகுப்புகளிலிருந்து பிள்ளைகளை விலக்கிக்கொள்ளும் ஏற்பாட்டை வாரியம் நிறுத்தியது. முஸ்லிம், கிறிஸ்தவப் பெற்றோர் கூட்டம் கூட்டமாக வந்து பேசினார்கள். வாரியம் அசையவில்லை. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தப் புத்தகங்கள் வகுப்பறையில் இருக்க வேண்டும் என்பவன் நான். ஆனாலும் பேசித் தீர்த்திருக்கக்கூடிய ஒன்றை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம்வரை போகவிட்டது வாரியத்தின் தோல்வி என்பதில் எனக்கு ஐயமில்லை.

இப்படி வாரியத்தின் முன் வந்து பேசும் பெற்றோரில் எத்தனையோ பேருக்கு வாக்கே கிடையாது. எச்1பி விசாவில் வந்து, கிரீன் கார்டுக்காகப் பத்துப் பதினைந்து ஆண்டு காத்திருக்கும் இந்தியக் குடும்பத்தில், மழலையர் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியேறும்வரைகூடப் பெற்றோர் ஒரு பள்ளித் தேர்தலிலும் பங்கெடுக்க முடியாமல் போகலாம். இது என்னை உறுத்துகிறது. பள்ளித் தேர்தல் ஒரு காலத்தில் வாக்கற்றவர்களுக்குத் திறந்த முதல் கதவாக இருந்தது. 1838-இலேயே கென்டக்கி மாநிலம் பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள விதவைகளுக்கு ஊர்ப்புறப் பள்ளித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை தந்தது. நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை வர அதன்பின் 80 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மான்ட்கோமரிக்குள்ளேயே இருக்கும் டகோமா பார்க் நகரம் 1990-களின் தொடக்கத்திலிருந்து குடியுரிமை இல்லாதவர்களையும் நகரத் தேர்தலில் அனுமதிக்கிறது; 2013 முதல் 16 வயதினரையும். அங்கே வாழும் விசாக்காரர் நகர மன்றத்துக்கு வாக்களிக்கலாம், தம் பிள்ளையின் பள்ளியை நடத்தும் வாரியத்துக்கு முடியாது.

சான் ஃபிரான்சிஸ்கோ 2016-இல் இதை மாற்றி, குடியுரிமை இல்லாத பெற்றோருக்குப் பள்ளி வாரியத் தேர்தலில் மட்டும் வாக்குரிமை தந்தது. கீழ் நீதிமன்றம் 2022-இல் அதைத் தடுத்தது, மேல் நீதிமன்றம் 2023-இல் மீட்டுத் தந்தது. ஆனால் வேறொரு சங்கடம் இருக்கிறது. அவர்களுக்குத் தனிப் பதிவு, தனிச் சீட்டு. அந்தப் பதிவு விவரம் குடியேற்றத் துறையின் கைக்குப் போகக்கூடும் என்று நகர நிர்வாகமே முன்கூட்டி எச்சரிக்கிறது. விசாவில் இருப்பவர் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுவாரா? பொதுத் தேர்தலோடு சேர்த்து நடத்துவதே நல்லது என்று மேலே சொன்னதும் இங்கே இடிக்கிறது. ஒரே நாளில் ஒரே சாவடியில் இரண்டு வகைச் சீட்டு என்றால் தவறுக்கு இடமுண்டு, அந்தத் தவறு ஒரு குடும்பத்தின் விசாவையே பறித்துவிடலாம். பெயர்ப் பட்டியலை வெளியே கொடுக்காத பாதுகாப்பு சட்டத்தில் இருந்தாலொழிய இந்த உரிமை பெயரளவுக்கே நிற்கும்.

மாணவர் உறுப்பினர் விஷயத்தில் மேரிலாந்து துணிந்து ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. மான்ட்கோமரியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை படிப்போர் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை போன்ற சிலவற்றைத் தவிர அவருக்கும் மற்றவர்களைப் போலவே வாக்கு உண்டு. பக்கத்து ஹாவர்ட் கவுன்ட்டியில், கொரோனாக் காலத்தில் பள்ளியைத் திறக்கும் தீர்மானங்கள் மாணவரின் வாக்கால் சமநிலையில் நின்றுபோனபோது பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். 2022-இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் மாணவரின் வாக்கு செல்லும் என்றது. பள்ளியைத் திறக்கக் கேட்ட பெற்றோரின் தவிப்பு எனக்குப் புரிகிறது. இருந்தும், வாக்களிப்போர் அனைவரும் அன்றாடம் பள்ளிக்குப் போகிறவர்கள் என்று சொல்லத்தக்க ஒரே தேர்தல் இந்த மாணவர் தேர்தல்தான்.

கவுன்ட்டி செய்யக்கூடியவை சில உண்டு. வேட்பாளர் ஒவ்வொருவரும் பள்ளி எல்லை, படிப்பு, சம்பள ஒப்பந்தம் பற்றித் தம் சொந்தச் சொற்களில் எழுதிய ஒரு பக்கத்தை அரசுச் செலவில் வீட்டுக்கு வீடு அனுப்பலாம், ஆங்கிலத்தில் மட்டுமின்றி அங்கே பேசப்படும் மற்ற மொழிகளிலும். பணத்தின் கணக்கையும் அதில் விளக்கலாம். ஏனெனில் மேரிலாந்தில் வாரியத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை, பணத்தின் பெரும்பகுதியைத் தருவது கவுன்ட்டி மன்றம். வகுப்பில் கூட்டம் பெருகும்போது வாரியம் மன்றத்தைக் காட்டுகிறது, மன்றம் வாரியத்தைக் காட்டுகிறது, வாக்காளர் யாரைத் தண்டிப்பது என்று தெரியாமல் நிற்கிறார். மற்றபடி வட்டத்துக்கு வட்டம் தனித்தனியாக வாக்களிப்பதையும், விசாவில் உள்ள பெற்றோருக்கு வாக்குரிமையையும் வாரியமோ கவுன்ட்டியோ தாமாகக் கொண்டுவர முடியாது. அதற்கு அன்னாபொலிஸில் உள்ள மாநிலச் சட்டமன்றம் சட்டமியற்ற வேண்டும். அந்த அவை ஆண்டுதோறும் ஜனவரியில் கூடி 90 நாள் நடக்கும். ஒரு மசோதாமீது அங்கே சாட்சி சொல்லக் குடியுரிமை தேவையில்லை.