கேவண்டிஷின் உருண்டை

இரண்டு தண்ணீர்த் தொட்டிகளைக் குழாயால் இணைத்தால் சமமாவது மட்டம்தான். நீரின் அளவு அல்ல. மின்னூட்டமும் அப்படியே. தள்ளித்தள்ளி நிற்கும் இரு கோளங்களைக் கம்பியால் இணைத்தால் மின்னழுத்தம் சமமாகும்வரை ஊட்டம் ஓடும். இருமடங்கு ஆரமுள்ள கோளத்தில் இருமடங்கு ஊட்டம் தங்கும்.

ஒன்றை மற்றொன்றுக்குள் வைத்தால்? ஹென்றி கேவண்டிஷ் 1772-73இல் செய்த சோதனையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை. 12.1 அங்குல விட்டத்தில் ஓர் உருண்டை. அதைத் தொடாமல் மூடும் இரண்டு அட்டை அரைக்கோளங்கள். எல்லாவற்றின் மேலும் வெள்ளீயத் தாள். உருண்டையையும் அந்த அரைக்கோளக் கூட்டையும் இணைக்க ஒரு சிறு கம்பி. கூட்டுக்கு மின்னூட்டம் ஏற்றினார், பட்டு நூலால் கம்பியை உருவினார், கூட்டைப் பிளந்தார், உருண்டையருகே நெட்டிப் பந்துகளைக் கொண்டுபோனார். அவை அசையவில்லை. அத்தனை ஊட்டமும் வெளிக்கூட்டுக்கே போயிருந்தது!

அந்த வெறுமையை வைத்தே, மின்விசை தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்றும், அந்த 2 என்ற அடுக்கு ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் பிசகாது என்றும் கணக்கிட்டார். அட்டையையும் பட்டு நூலையும் கொண்டு இவ்வளவு துல்லியம்! இதே விதியைக் கூலூம் வெளியிட்டது 1785இல். கேவண்டிஷ் வெளியிடவே இல்லை. அவருடைய குறிப்புகளை மாக்ஸ்வெல் 1879இல்தான் அச்சேற்றினார்.