மலைபடுகடாம்: செங்கத்துக்கு ஒரு ஃபுட் வாக்

ஃபுட் வாக் இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டது. ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கட்டினால், பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து ஒரு வழிகாட்டி சந்து சந்தாகக் கூட்டிக்கொண்டு போவார். மதுரை என்றால் ஒரு கடையில் பருத்திப்பால், அடுத்ததில் பரோட்டா, கடைசியில் ஜிகர்தண்டா. ஒவ்வொரு கடை வாசலிலும் அஞ்சு நிமிஷம் கதை, ரெண்டு வாய் ருசி, நாலு போட்டோ. அப்புறம் அடுத்த கடை.

திருவண்ணாமலைப் பக்கம் அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டால் நான் காட்டுவது ஒரு சங்கப் பாட்டை. பத்துப்பாட்டில் பத்தாவது, மலைபடுகடாம். 583 வரி. பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாடப்பட்டவன் பல்குன்றக்கோட்டத்துச் செங்கண்மாத்து வேள் நன்னன் சேய் நன்னன். செங்கண்மா என்பது இன்றைய செங்கம். திருவண்ணாமலையிலிருந்து பெங்களூர் ரோட்டில் மேற்கே போனால் வரும் ஊர். பாட்டில் வரும் நவிரமலை நம் பர்வதமலைதான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். சேயாறு இன்றைய செய்யாறு. அண்ணாமலையின் பெயர் பாட்டில் வரவில்லை, ஆனால் நிலம் இந்த மாவட்டத்து நிலம்தான்.

பாட்டின் அமைப்பு எளிது. நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்பும் ஒரு கூத்தர், எதிரே வறுமையோடு வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறார். கூத்தராற்றுப்படை என்றே இதற்கு இன்னொரு பெயர் உண்டு. எந்தப் பக்கம் போகணும், எங்கே கால் வழுக்கும், எங்கே ராத்திரி தங்கலாம், அங்கே என்ன கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார்.

இந்தப் பாட்டைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாகப் பிடித்துக்கொள்வது தலைப்பை. மலையை மதயானையாகப் பார்த்தது, அதில் எழும் விதவிதமான ஓசைகளை அடுக்கியது. அது நல்ல பகுதிதான், மறுக்கவில்லை. ஆனால் உணவு என்று வரும்போது அதே ஆட்கள் "சங்ககால மக்களின் உணவுப் பழக்கம்" என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என் வாசிப்பில் பாட்டைத் தாங்கும் எலும்புக்கூடே சாப்பாடுதான். நடை, பசி, ஒரு வீடு, சாப்பாடு, தூக்கம், மறுபடி நடை. ஓசைகள் அந்த நடைக்கு நடுவே காதில் விழுபவை.

எங்கே என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். முதலில் மலைச்சாரலில் வேட்டுவர் குடியிருப்பு. அங்கே சொந்த வீடு மாதிரி வாசலில் தயங்காமல் நுழையுங்கள், உறவுக்காரர் மாதிரி பழகுங்கள் என்கிறார் கூத்தர். நெய்யில் வெந்த பெரிய இறைச்சித் துண்டுகளோடு தினைச்சோறு கிடைக்கும். அதற்கு மேலே போனால் மூங்கில் குழாயில் ஊறிய தேன்கள். அதைக் குடித்தால் மறுநாள் விடிகாலையில் தலை கனக்குமே? அதற்கும் வழி சொல்லியிருக்கிறார். அருவி அடித்துக்கொண்டு வந்த பழத்தின் கொட்டை, கடமான் கறி, முளவுமாவின் கொழுத்த கறி, நாய் பிடித்துக் கொடுத்த உடும்பு, இவற்றோடு புளி, மோர், மூங்கில் நெல் அரிசி. எல்லாம் சேர்ந்து மலைச்சாரலே மணக்கிற மாதிரி ஒரு குறமகள் ஆக்கிய சோறு. வீட்டுக்கு வீடு பிள்ளைகளைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டு, போகவிடாமல் தடுத்து நிறுத்திப் போடுவார்களாம்.

எந்த ஃபுட் வாக்கில் வழிகாட்டி ஹேங்ஓவருக்கு மெனு வைத்திருக்கிறார்?

இது வேடிக்கைக்காக மட்டும் சொல்வதில்லை. கூத்தருக்கு உணவின் பெயரோடு, அதைச் சாப்பிடப்போகிறவன் அந்த நேரத்தில் எந்த நிலையில் இருப்பான் என்பதும் தெரிகிறது. இருட்டும் நேரத்தில் ஆட்டு மந்தைக்காரர்கள் இருக்குமிடம் போய்ச் சேர்ந்தால் பாலும் மிதவையும் தனியாகச் சமைக்க வேண்டியில்லாமல் தயாராகவே இருக்கும் என்கிறார். களைத்து வந்தவனுக்கு அடுப்பு மூட்டும் வரை காத்திருக்க முடியாது, அதனால் 'பண்ணாது' என்று ஒரு சொல்லைப் போடுகிறார். தோல் படுக்கையும், மிருகங்கள் அண்டாமல் இருக்க நெருப்பும் கூடவே வருகின்றன. புல் வேய்ந்த குடிசைகளில் அவரை போட்ட புளிங்கூழ், அது நடந்த வருத்தம் போவதற்கு. கீழே வயல் பக்கம் இறங்கினால் வாளை மீன், வரால் மீன், வெள்ளைச் சோறு, காலை இளவெயிலில் நெற்களத்திலேயே கள். பசியின் அளவும் கடிகாரமும் சேர்த்துத்தான் ஒவ்வொரு சாப்பாடும் வருகிறது. ருசியைப் பற்றி மட்டும் பேசும் எழுத்தில் இது வராது.

சொற்களையும் கவனிக்கணும். பொம்மல், வல்சி, மிதவை, கூழ், அமலை, நுவணை. தானியத்தில் செய்த சாப்பாட்டுக்கு ஒரே பாட்டில் இத்தனை சொல். குவியலாக இருக்கிறதா, குழைந்து இருக்கிறதா, மாவாக இடித்ததா என்று வேறு வேறு. நாம் சோறு, சாதம், ரைஸ் மூன்றையும் ஒரே பொருளுக்கு வைத்துக்கொண்டு, எங்கே சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து மாற்றிக்கொள்கிறோம். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தபோது தினையையும் வரகையும் 'ஹெல்த்' பாக்கெட்டில் போட்டு விற்றார்கள். ஜவ்வாது மலையில் சாமை விளைவிப்பவர்களுக்கு அது எப்போதும் வயலில் இருப்பது.

இப்போது இலக்கணத்துக்கு வருகிறேன், பாட்டின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. சாப்பாடு வரும் இடங்களில் திரும்பத் திரும்ப வரும் வினைச்சொல் 'பெறுகுவிர்'. உண்பீர் இல்லை, வாங்குவீர் இல்லை. உங்களுக்குக் கிடைக்கும், பெறுவீர்கள். அதோடு ஒட்டிக்கொண்டு வருவது 'தொறும்'. மனைதொறும், குடிதொறும், களந்தொறும். எந்த வீட்டுக்குப் போனாலும். நம் காலத்து ரேட்டிங்கைத் தலைகீழாகத் திருப்பினால் இந்தத் 'தொறும்' கிடைக்கும். நாம் தெருவில் இருக்கும் முப்பது கடையில் 4.5 நட்சத்திரம் வாங்கிய ஒன்றைத் தேடுகிறோம். கூத்தர் ஒரு வீட்டைக்கூடப் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கவில்லை. அவர் பரிந்துரைப்பது ஊரை.

இவ்வளவு சொன்ன பிறகு சந்தேகத்தையும் சொல்லணும். இது ஸ்பான்சர் செய்யப்பட்ட எழுத்துதானே? வழி சொல்பவர் நன்னனிடம் பரிசு வாங்கிவிட்டு வருகிறார். அவர் வாயில் எல்லா வீடும் நல்ல வீடாகத்தான் இருக்கும். பாட்டுக்குள்ளேயே இதற்குத் தடயம் இருக்கிறது. காட்டுவழியில் கூரிய அம்பும் வில்லுமாகக் கூளியர் கூட்டம் எதிர்ப்படும். அப்போது நன்னனிடம் போகிறோம் என்று சொல்லுங்கள், தசையும் கிழங்கும் தருவார்கள், பாதுகாப்பார்களே தவிர வருத்த மாட்டார்கள் என்கிறார். எங்கள் தொழில் பாஷையில் இது டோக்கன். காட்டினால் கதவு திறக்கும். காட்டாதவனுக்கு அந்த அம்பு என்ன செய்யும் என்று பாட்டு பேசவில்லை. பரிசிலரை இப்படி அலையாமல் கொண்டுவந்து சேர்ப்பது ஒரு வேளின் அதிகாரம் எதுவரை செல்லுபடியாகும் என்பதற்கான விளம்பரமும்தான். விருந்தோம்பல் என்று மட்டும் இதைப் படிப்பவர்கள் அந்த வில்லைப் பார்க்காமல் தாண்டிப் போகிறார்கள்.

ஆனால் பாட்டு முழுசாக நன்னனின் விளம்பரமாகவும் நின்றுவிடவில்லை. அதற்கு என் சாட்சி வரிக்கணக்கு. குறமகளின் சமையலுக்குப் பத்து வரிக்கு மேல். நன்னனின் அரண்மனைச் சாப்பாட்டுக்கு ரெண்டு மூணு வரி, அதுவும் கொழுப்புள்ள இறைச்சி, வெண்ணெல் அரிசி, எத்தனை நாள் தங்கினாலும் முதல் நாள் போலவே உபசாரம், அவ்வளவுதான். சிறுபாணாற்றுப்படையோடு வைத்துப் பாருங்கள். அங்கே நல்லியக்கோடன் அரண்மனையில் பீமன் எழுதிய சமையல் நூல்படி ஆக்கிய உணவு, பொன் கலம் என்று உச்சம் அரசன் வீட்டில்தான். பெருங்கௌசிகனார் உச்சத்தை வழியிலேயே, பெயரில்லாத ஒரு பெண்ணின் அடுப்பில் வைத்துவிட்டார். பாடப்பட்டவன் சாப்பாட்டை விடக் குறமகள் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று பாடப்பட்டவன் முன்னாலேயே பாடுவது சாதாரணமில்லை. இத்தனைக்கும் புலவர் வெளியூர்க்காரர். இரணியமுட்டம் மதுரைப் பக்கம், அழகர்மலையை ஒட்டியது என்பார்கள்.

வழி தவறினால் என்ன செய்வது என்ற பகுதியும் எனக்கு இதே காரணத்தால் பிடிக்கும். அந்த மலையில் குறவரே திகைத்துப்போகும் இடங்கள் உண்டாம். அங்கே மாட்டிக்கொண்டால் அலைய வேண்டாம், அகன்ற பாறையில் ஏறி உட்கார்ந்து உங்கள் வாத்தியங்களை வாசியுங்கள், சத்தம் கேட்டு மலைக்காரர்கள் பழத்தோடு வந்து வழி காட்டுவார்கள். இங்கே நன்னன் பெயர் தேவைப்படவில்லை, சொந்தத் தொழிலே போதும். கிளைவழிகள் வரும் இடத்தில், பின்னால் வருபவர்களுக்காகப் புல்லை முடிந்து அடையாளம் வையுங்கள் என்றும் சொல்கிறார். வழியில் பெயர் பொறித்த நடுகற்கள் வரும் என்கிறார். இந்த ஒரு விவரத்தை இன்றும் சரிபார்க்கலாம். செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் நாகசாமியின் பதிப்பில் 'செங்கம் நடுகற்கள்' என்று தனிப் புத்தகமே போட்டது. எடுத்தனூரில் ஒரு கல், மகேந்திரவர்மன் காலத்தது, வீரனோடு சேர்த்து அவனுடைய கோவிவன் என்ற நாயையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. உடும்பு பிடித்துக் கொடுத்த நாய்க்கு இப்படிப் பெயர் தெரியாமல் போனது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இன்றைக்கு இதே வழியில் நடந்தால் மெனுவில் பாதி கிடைக்காது. உடும்பு, கடமான், முள்ளம்பன்றி மூன்றையும் வேட்டையாடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அது சரியும்கூட. ஆனால் மெனு பழசாகிப்போவதை விடப் பெரிய மாற்றம் வேறு. கிரிவலப் பாதையைப் பாருங்கள். 14 கிலோமீட்டர், பௌர்ணமி ராத்திரி. எத்தனையோ இடங்களில் அன்னதானம், கை நீட்டினால் தொன்னையில் பொங்கல், சாம்பார் சாதம், தயிர் சாதம். யார் என்ன என்று கேட்பதில்லை. தீபத் திருவிழா சமயத்தில் அன்னதானம் போட முன்கூட்டியே அனுமதி வாங்கணும், குறித்த இடத்தில்தான் போடணும் என்று மாவட்ட நிர்வாகம் ஒழுங்கு வைத்திருக்கிறது. மற்றபடி 'பெறுகுவிர்' உயிரோடு இருக்கும் இடம் அதுதான். ஆனால் அந்தத் தொன்னையில் இருப்பது எந்த ஊர்ச் சாப்பாடாகவும் இருக்கலாம். ஆக்கியவர் முகம் தெரியாது, ஜவ்வாது மலைச் சாமை அதில் இருக்காது.

காசு வாங்கும் ஃபுட் வாக் இதற்கு நேர் எதிர். அங்கே ஆக்குபவர் முன்னாலேயே நிற்கிறார், ஊர் ருசி இருக்கிறது, கதையும் இருக்கிறது. 'பெறுகுவிர்' கிடையாது. களைப்பும் கிடையாது. மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் மாலையில் ஆறு கடையில் கொறிக்கிறார்கள். மலைபடுகடாம் ரெண்டையும் ஒரே அடுப்பில் வைத்திருந்தது. யாருக்கும் தரப்படும் சாப்பாடு, ஆனால் இன்னார் கையால், இந்த மலையில் விளைந்ததால் ஆனது. அந்த அடுப்புக்குப் பின்னால் வில்லோடு ஆட்கள் நின்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

படிக்க நினைப்பவர்கள் முதல் வரியிலிருந்து தொடங்கவேண்டாம். தொடக்கத்தில் வாத்தியங்களின் வருணனை நீளமாக வரும், பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். 160-லிருந்து 185 வரை முதலில் படியுங்கள், பிறகு 400-க்கு மேலே போய் இடையர்களையும் வயல்காரர்களையும் பாருங்கள், அதற்கப்புறம் முன்னால் வரலாம். உ.வே.சா. 1889-ல் நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த பத்துப்பாட்டை வைத்துக்கொண்டால் வசதி. முளவுமா என்றால் முள்ளம்பன்றி. மற்ற சொற்களுக்கு நச்சினார்க்கினியர் இருக்கிறார்.