ஓசையாற் பொருள் இயங்குமோ?

தென்காசிக்கு அணித்தாகிய குற்றாலம் போன்ற சாரல்நிலங்களில் தனித்திருந்து, பண்ணையோ மந்திரத்தையோ ஒரே சுருதியில் நீள இசைத்து மனத்தை ஒடுக்கின், தொடாமலே பொருளை அசைக்கலாம் என்பார் உளர். திருமறைக்காட்டுக் கதவினை அதற்குச் சான்றாகக் காட்டுப.

அச்சான்றே அவர்க்கு மாறாக நிற்கின்றது. சேக்கிழார் கூறும் வரலாற்றில், அப்பரடிகள் பாடத் தொடங்கியபோது கதவு திறந்திலது. பதிக நிறைவில், அரக்கனை விரலால் அடர்த்த செயலைச் சொல்லி முறையிட்ட பின்னரே திறந்தது. அடைக்கப் பாடிய ஞானசம்பந்தர்க்கோ முதற்பாட்டிலேயே அடைத்தது. கதவை இயக்கியது ஓசையே ஆயின் இவ்வேறுபாடு எங்ஙனம் வந்தது? அப்பரும் தம் சுருதியை ஐயுற்றாரல்லர். இறைவன் திருக்குறிப்பை அறிந்திலேமே என்றே வருந்தினார். கொள்ளம்பூதூரில் வெள்ளத்தினூடே ஓடம் சென்ற பதிகமும் இத்தகையதே. அதன் வேண்டுகோள் பாட்டுத்தோறும் இறைவனை நோக்கியது, ஓடத்தை நோக்கியதன்று.

ஒலிக்கு அசைக்கும் வலி இல்லையென்பதன்று. ஒரு நரம்பை மீட்டின் அதே சுருதி கூட்டிய அயல் நரம்பும் நடுங்கும். முழவின் தோல்மேல் இட்ட மணல் துள்ளும். அது காற்றின் தொழில், சித்தியன்று. தென்காசிக் கோபுரவாயிலிற் சாரற்காற்று ஆளையே தள்ளும். அதனை மந்திரவலி என்பார் யார்?

குற்றாலத்திற்கு ஞானசம்பந்தர் அருளிய பதிகங்கள் 2. ஒன்று குறிஞ்சிப்பண்; குறும்பலாவிற்குரியது காந்தாரம். அவற்றைப் பாடியபோது கல் புரண்டதென்றோ அருவி நின்றதென்றோ சேக்கிழார் கூறிற்றிலர். பொருளசைவே பாட்டின் பயன் என்பார்க்கு இவ்விரண்டும் பயனில் பாட்டுக்களாய் முடியும். அதற்கு அவர் உடன்படுவரோ?