அச்சமும் மருட்கையும்: சிறுவர் காணத்தக்க படம் எது?

"கார்ட்டூன் படம்தானே, பிள்ளைகள் பார்க்கட்டும்" என்னும் சொல்லைப் பெற்றோர் பலரிடமும், ஏன், ஆசிரியர் சிலரிடமும்கூடக் கேட்கிறோம். தேர்வுகள் முடிந்து விடுமுறை நெருங்கும் வாரத்தில் மாணவர்களை மண்டபத்தில் அமர்த்தி ஒரு படம் காட்டுவது பல பள்ளிகளில் வழக்கமாகியுள்ளது. வீட்டிலோ தொலைக்காட்சியும் கைப்பேசியும் அப்பணியை நாள்தோறும் செய்கின்றன. ஒரு பயிற்றுநூலை வாங்குமுன் பலமுறை புரட்டிப் பார்க்கும் நாம், ஒரு படத்தைக் காட்டுமுன் அதன் விளம்பரப் படத்தை மட்டுமே பார்க்கிறோம். படித்த பாடம் மறந்துபோகலாம். ஐந்து வயதில் திரையில் கண்டு நடுங்கிய காட்சி எளிதில் மறப்பதில்லை. ஆதலின், சிறுவர்க்கு ஏற்ற படம் எது என்று தேர்வதும் ஆசிரியர் பணியின் ஒரு கூறே ஆகும்.

தணிக்கைச் சான்றிதழ் இருக்க நமக்கென்ன கவலை எனச் சிலர் வினவலாம். முயல்களின் வாழ்வைச் சித்திரிக்கும் 'வாட்டர்ஷிப் டவுன்' என்னும் ஆங்கில அசைவூட்டப் படம் 1978இல் வெளிவந்தது. முயல்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும் காட்சிகளும் குருதியும் அதில் உள. எனினும், அனைவரும் காணலாம் என்னும் சான்றிதழையே பிரித்தானியத் தணிக்கை வாரியம் அதற்கு வழங்கியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே, பெற்றோர் வழிகாட்டல் வேண்டும் என்னும் வகைக்கு அது மாற்றப்பட்டது. சான்றிதழ் ஒரு வேலி. வேலிக்குள் இருப்பன எல்லாம் பயிர் ஆகா.

அளவுகோல் யாது?

துன்பமும் சாவும் அச்சமும் இல்லாத படமே குழந்தைக்கு நல்லது என்பார் உளர். இக்கருத்து ஏற்புடையதன்று. பாட்டி சொன்ன கதைகளில் பூதமும் புலியும் உண்டு. நாம் அவற்றைக் கேட்டே வளர்ந்தோம். அச்சத்தை அறியாத குழந்தை இல்லை. அதற்குப் பெயர் சொல்லத் தெரியாத குழந்தையே உண்டு. எனவே, ஒரு படத்தில் அச்சம் உள்ளதா என்பதைவிட, அவ்வச்சம் குழந்தையை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

இவ்வினாவுக்கு விடை காண நம் தொல்காப்பியமே துணைநிற்கிறது. தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று, மருட்கையாகிய வியப்பும் ஒன்று. அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினையும், மருட்கை பிறக்கும் இடங்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினையும் அவர் வகுத்துள்ளார். அச்சத்தைத் தோற்றுவித்து, அதனைப் படம் முடியுமுன்னரே மருட்கையாகவும் உவகையாகவும் மாற்றித் தருவது குழந்தைக்குரிய படம்; அச்சத்தையும் அழுகையையும் தோற்றுவித்து, அவற்றோடு குழந்தையை இருக்கையில் விட்டுச் செல்வது பெரியோர்க்குரிய படம். இவ்வளவுகோலைக் கொண்டு இரண்டு படங்களை ஈண்டு நோக்குவோம்.

ஒரே நாளில் இரு படங்கள்

ஜப்பானின் கிப்லி படநிறுவனம் 1988ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் இரண்டு அசைவூட்டப் படங்களை ஒரே காட்சியில் அடுத்தடுத்துக் காணும் வண்ணம் வெளியிட்டது. ஒன்று ஹயாவோ மியாசாகி இயக்கிய 'பக்கத்து வீட்டு டோட்டோரோ'. மற்றொன்று இசாவோ தகாஹாத்தா இயக்கிய 'மின்மினிகளின் கல்லறை'. இரண்டிலும் உடன்பிறந்தார் இருவரே கதைமாந்தர். இரண்டிலும் இளையவள் நான்கு வயதுச் சிறுமி. இரண்டிலும் தாய் வீட்டில் இல்லை. கருப்பொருளை மட்டும் வைத்து ஒரு படத்தை மதிப்பிட முடியாது என்பதற்கு இவ்விரு படங்களைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

'டோட்டோரோ'வில் சட்சுகி, மே என்னும் சகோதரியர் தந்தையுடன் ஒரு சிற்றூர் வீட்டிற்குக் குடிபெயர்கின்றனர். இருவர் பெயருக்கும் மே மாதம் என்பதே பொருள். தாய் நோயுற்று மருத்துவமனையில் இருக்கிறாள். புதிய வீடு பேய் வீடு என அண்டை வீட்டுச் சிறுவன் அச்சுறுத்துகிறான். இருட்டறைகளில் கரிப்பொட்டுகள் போன்ற சிற்றுயிர்கள் ஓடி ஒளிகின்றன. முதல் இரவில் காற்று வீட்டையே உலுக்குகிறது. அப்போது குளியல் தொட்டியிலிருக்கும் தந்தை உரக்கச் சிரிக்கிறார். பிள்ளைகளையும் சிரிக்கச் சொல்கிறார். அச்சம் இல்லையென அவர் பொய் கூறவில்லை. அச்சத்தை எதிர்கொள்ள ஒரு வழியைக் காட்டுகிறார். படம் முழுவதற்கும் இக்காட்சியே திறவுகோல்.

டோட்டோரோ அணங்கும் ஆகும், விலங்கும் ஆகும். தொல்காப்பியர் அச்சத்திற்குச் சொன்ன இரண்டு நிலைக்களன்கள் ஓருருவில் நிற்கின்றன. கற்பூர மரத்தின் பொந்தினுள் உறங்கும் அப்பேருருவின் வயிற்றின்மேல் ஏறிச் சிறுமி மே உறங்கிவிடுகிறாள். அவ்வுருவின் பெருமை, கரிப்பொட்டு உயிர்களின் சிறுமை, பல கால்களோடு ஓடிவரும் பூனைப் பேருந்தின் புதுமை, ஓரிரவில் விதை முளைத்து வானளாவ வளரும் ஆக்கம் என மருட்கையின் நான்கு நிலைக்களன்களையும் இப்படத்தில் காணலாம். விடிந்ததும் பெருமரங்கள் இல்லை. ஆனால், தோட்டத்தில் முளைகள் இருக்கின்றன. கனவுக்கும் நனவுக்கும் இடையே குழந்தை நிற்கும் இடத்தை இதனினும் நேர்த்தியாகக் காட்டுதல் அரிது.

இப்படத்தில் பெரியோர் நம்பத்தக்கவர்களாக இருத்தலும் கருதத்தக்கது. தான் கண்டதை மே சொல்லும்போது தந்தை அதனைப் பொய்யெனக் கடிந்து ஒதுக்கவில்லை. மகளிரை அழைத்துச் சென்று அம்மரத்தின்முன் வணங்குகிறார். தாயின் வரவு தள்ளிப்போனதறிந்து, தான் வைத்திருந்த சோளக் கதிரோடு மே தனியே மருத்துவமனைக்குப் புறப்பட்டு வழிதவறும்போது, ஊரே திரண்டு தேடுகிறது. சிறுமி தவறினாலும் அவளைத் தேட ஆள் உண்டு என்னும் உறுதியைப் படம் பார்க்கும் குழந்தை பெறுகிறது.

கல்லறையும் குழந்தையும்

'மின்மினிகளின் கல்லறை' 1945ஆம் ஆண்டின் கோபே நகரைக் களமாகக் கொண்டது. அண்ணன் செய்த்தா தொடர்வண்டி நிலையத்தில் பசியால் சாவதே தொடக்கக் காட்சி. குண்டுவீச்சில் எரிந்து, உடல் முழுதும் துணி சுற்றப்பட்ட தாயைப் படம் நேராகவே காட்டுகிறது. தங்கை செட்சுகோ உணவின்றி மெலிந்து மடிகிறாள். அழுகைக்குத் தொல்காப்பியர் கூறிய இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் இதில் நிறைந்துள்ளன. உறவினளின் சுடுசொல் இளிவு, தாயின் சாவு இழவு, கடற்படை அதிகாரியின் மக்கள் கைவிடப்பட்ட பதுங்குகுழியில் வாழ நேர்ந்தது அசைவு, பசி வறுமை. இங்கே தேடி வரும் ஊரில்லை. மருத்துவரும் உணவு வேண்டும் எனச் சொல்வதோடு நிற்கிறார்.

இது சிறந்த கலைப்படைப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் மலாயாத் தமிழர் பட்ட துயரங்களைப் பாட்டன்மார் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு, அதே போரில் ஜப்பானியக் குழந்தைகளும் பசியால் மடிந்தனர் என்பதை இப்படம் உணர்த்துகிறது. இடைநிலைப்பள்ளி மேல்வகுப்பு மாணவர்கள் இதனை வரலாற்றுப் பாடத்தோடு சேர்த்துக் காணலாம். ஆனால், முதலாம் ஆண்டு மாணவனுக்கு இது உரியதன்று. இரண்டு முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தை கண்ணுக்குத் தோன்றுவதையே மெய்யெனக் கொள்ளும் இயல்புடையது என்பதைப் பியாஜேயின் வழி ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்றிருக்கிறோம். போரின் காரணத்தை அக்குழந்தையால் அறிய இயலாது. துணி சுற்றிய தாயின் உருவம் மட்டுமே அதன் நெஞ்சில் தங்கும்.

எழும் மறுப்புகள்

'டோட்டோரோ' மூடநம்பிக்கையை வளர்க்கும் என்பது ஒரு மறுப்பு. அந்த வனத்து உயிர் தாயின் நோயைத் தீர்க்கவில்லை என்பதை இவ்வாறு கூறுவோர் கருதவேண்டும். நோயைத் தீர்ப்பது மருத்துவமனையே. டோட்டோரோ செய்வதெல்லாம், பூனைப் பேருந்தை வரவழைத்துச் சட்சுகி தங்கையைக் கண்டடைய உதவுவதும், குழந்தைகளின் தனிமையில் துணைநிற்பதுமே.

படம் மெதுவாகச் செல்கிறது, தீயவன் ஒருவனும் இல்லை, சண்டையும் இல்லை என்பது மற்றொரு மறுப்பு. மழையில் பேருந்துக்குக் காத்திருக்கும் காட்சி நீண்டதுதான். ஆனால், குடையின்மேல் நீர்த்துளி விழும் ஓசையைக் கேட்டு டோட்டோரோ மகிழ்வதைக் குழந்தை காண அந்த நேரம் தேவைப்படுகிறது. நொடிக்கொரு காட்சி மாறும் படங்களில் பழகிய கண்களுக்கு இப்பொறுமை ஒரு பயிற்சியும் ஆகும்.

எனினும், இப்படத்தையும் கண்ணை மூடிக்கொண்டு காட்டிவிடலாகாது. குளத்தில் ஒரு சிறுமியின் செருப்பு கிடைக்க, பாட்டி அதனைக் கையிலேந்தி நடுங்கும் காட்சி கடுமையானது. அது மேயின் செருப்பன்று எனச் சட்சுகி சொல்லும்வரை, நீரில் மூழ்கிய குழந்தை என்னும் எண்ணம் பார்ப்போர் நெஞ்சை அழுத்துகிறது. அவ்விடத்தில் அருகே ஒரு பெரியவர் இருத்தல் வேண்டும். வகுப்பில் எவருடைய தாயேனும் நோயுற்றிருப்பின், அம்மாணவனின் வீட்டாரோடு கலந்து பேசாமல் இப்படத்தைக் காட்டுதல் தகாது. மற்ற முப்பது பேர்க்கு இனிய கதையாக இருப்பது அவ்வொருவனுக்குத் தன் கதையாக இருக்கும். அவனுக்கு அது ஆறுதலாவதும் புண்ணாவதும் நாம் அருகில் இருந்து சொல்லும் சொல்லைப் பொறுத்தது.

ஆசிரியர் செய்யத்தக்கன

முதலாவதாக, படத்தை முழுமையாகத் தாம் ஒருமுறை பார்த்திடல் வேண்டும். இரண்டாவதாக, அச்சம் எந்த இடத்தில் தோன்றி எந்த இடத்தில் தீர்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தீராதாயின் அப்படத்தைச் சிறுவர்க்குக் காட்ட வேண்டா. மூன்றாவதாக, வேற்றுமொழிப் படமாயின் திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைச் சிறுவர் படிக்க இயலாது. ஆசிரியரே இடையிடையே தமிழில் கதை சொல்லலாம். திரையிலிருந்து வரும் அச்சத்தைத் தெரிந்த குரல் ஒன்று தணிக்கும் என்பது இதனால் விளையும் கூடுதல் நன்மை. இறுதியாக, படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு அனுப்பிவிடாமல், எந்த இடத்தில் பயந்தாய் என்று கேட்கவேண்டும். அவ்வினாவுக்குக் குழந்தை சிரித்துக்கொண்டே விடை சொல்லுமாயின் படம் தன் பணியைச் செய்தது என அறியலாம். விடை சொல்லாது வாயடைத்து நிற்கும் குழந்தையோடு நம் பணி அப்போதுதான் தொடங்குகிறது.

'பக்கத்து வீட்டு டோட்டோரோ' ஐந்து வயதிற்கு மேற்பட்ட சிறுவர்க்கு, பெரியவர் ஒருவர் உடனிருக்க, ஏற்ற படம் என்பது என் துணிபு. அதே நாளில் அதே நிறுவனத்திலிருந்து வந்த மற்றப் படமோ அவர்கள் வளர்ந்து பெரியவராகும் வரை காத்திருக்கட்டும். இரண்டும் அசைவூட்டப் படங்களே. எது எவர்க்கு என வகுக்கும் பொறுப்பைத் தணிக்கை வாரியத்திடமோ விளம்பரப் படத்திடமோ விட்டுவிடாமல், குழந்தையின் முகத்தை நாள்தோறும் காணும் நாமே ஏற்றல் வேண்டும்.