சீடத்துவமும் அதன் விலையும்

சமய நூல்கள் என்றால் நம்மவர்க்கு இரு வகையே பழக்கம். கண்ணை மூடிக்கொண்டு போற்றுவதற்கென எழுதப்பட்டவை ஒரு வகை. கண்ணை மூடிக்கொண்டு தூற்றுவதற்கென எழுதப்பட்டவை மற்றொரு வகை. கண்ணைத் திறந்துகொண்டு படித்தற்குரிய சமய நூலொன்று கைக்குக் கிடைப்பது அரிது. கிடைத்தவிடத்து, அஃது எம்மதத்தவர் எழுதியதாயினும், இப்பகுதியில் எடுத்துப் பேசுவது தகும் என்று கருதுகிறோம். நாம் கிறிஸ்து மதப் பிரசாரத்தில் புகுந்துவிட்டோம் என்று நண்பர்கள் ஐயுற வேண்டா. இனிவரும் பத்திகளைப் படித்தால் பாதிரிமார்தாம் ஐயுறக்கூடும்.

நூல் யாதெனில், ஜெர்மானியப் பாதிரியார் டீட்ரிச் போன்ஹோபர் 1937-ஆம் ஆண்டு வெளியிட்ட 'நாக்ஃபோல்கே' என்பது. பின்செல்லுதல் என்பது அச்சொல்லின் பொருள். 1948-இல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது 'சீடத்துவத்தின் விலை' எனப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். விலை என்னும் சொல் மூலத்தின் தலைப்பில் இல்லை. ஆயினும் முதல் அதிகாரமே விலையைப் பற்றியதாகலின் பெயரிட்டோரைக் குறைகூற இடமில்லை. வரவு செலவு எழுதியே நாளைக் கழிக்கும் நம் போன்ற கிராணிமார் கண்ணில் இப்படியொரு தலைப்புப் பட்டால் கை தானே நீளுமன்றோ!

ஆசிரியரைப் பற்றிச் சிறிது. அவர் 1906-இல் பிறந்தவர், தந்தையார் பெர்லின் நகரத்துப் பேர்பெற்ற மனநோய் மருத்துவர், வறுமையறியாத குடும்பம். 1933-இல் இட்லர் ஆட்சிக்கு வந்து, யூத மரபினரைத் திருச்சபை ஊழியத்தினின்றும் விலக்கவேண்டும் என்னும் விதி எழுந்தபோது, எதிர்த்து நின்ற சிறு கூட்டத்தாருள் இவர் ஒருவர். அக்கூட்டத்தார்க்கென ஊழியரைப் பயிற்றுவிக்கும் பள்ளியொன்றை 1935 முதல் ஃபின்கன்வால்டே என்னுமிடத்தில் நடத்தினார். அதனை இரகசியப் போலீசார் 1937-இல் மூடினர். அப்பள்ளியில் நடத்திய பாடங்களே பெரும்பாலும் இந்நூலாயின. ஆகவே, சாய்வுநாற்காலியில் அமர்ந்து எழுதப்பட்ட புத்தகம் அன்று இது.

நூலின் முதற் கருத்து, கிருபை மலிவாகிவிட்டது என்பது. கடவுள் மன்னிப்பார் என்னும் உறுதியை முன்பணமாகப் பெற்றுக்கொண்டு, பழைய வாழ்க்கையை ஒரு மயிரிழையும் மாற்றாமல் நடத்துவதையே மலிந்த கிருபை என்று ஆசிரியர் சொல்லுகிறார். லூத்தர் தம் வாழ்நாளையே செலுத்திக் கண்ட விடையை, அவருக்குப் பின் வந்தோர் கணக்கின் முதல் வரியாக எழுதிக்கொண்டனர் என்பது அவர் வழக்கு. விடை ஒன்றே, ஆயினும் கணக்கைப் போட்டுக் கண்டவனிடத்தில் அஃது உண்மை, பக்கத்திலிருப்பவன் பலகையைப் பார்த்து எழுதினவனிடத்தில் அஃது ஏமாற்று. பள்ளிக்கூடம் போன எவர்க்கும் இது விளங்கும்.

ஜெர்மானியரைப் பற்றி எழுதியதெனினும் தமிழ்க் கிறிஸ்தவர் சரித்திரத்துக்கு இது எத்துணைப் பொருந்துகிறது! 1833-இல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சாவூர்ப் பகுதியில் எழுந்த எதிர்ப்பு யாவரும் அறிந்ததே. ஞானஸ்நானம் வேண்டும், நற்கருணை வேண்டும், மோட்சம் வேண்டும். ஆனால் 'தாழ்ந்தவன்' வாய்வைத்த பாத்திரத்தில் நாம் வாய்வைக்க மாட்டோம் என்று பலர் சபையை விட்டே விலகினர். கவி வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்கு வக்காலத்து வாங்கி எழுதினார். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிக்குச் சாதி மறைப்புச்சுவர் நின்றது. 1910-இல்தான் அஃது இடிக்கப்பட்டது. இடித்தது தவறென்று நியாயஸ்தலம் வரை சென்றவர்களும் நாள்தோறும் செபம் செய்தவர்களே. தன்னைத் தான் வெறுத்தல் என்பதற்கு நாற்பது நாள் மாமிசம் உண்ணாமலிருத்தல் என்று பொருள்கொள்ளுதல் எளிது. தன் சாதியை வெறுத்தல் என்று பொருள்கொள்ளுதல் அல்லவோ செலவு! போன்ஹோபர் நம் நாட்டுச் சாதியை அறிந்து எழுதினாரல்லர். ஆயினும், நோன்பும் துறவும் தம்மளவில் தன்மறுப்பு ஆகா, அவற்றிலும் 'நான்' என்பது கொழுத்து வளரக்கூடும் என்று அவர் எழுதும் பகுதியைப் படிக்கையில் வடக்கன்குளத்துச் சுவரே நம் கண்முன் நிற்கிறது.

நம் தோட்டத்து மக்களுக்கு இந்நூலில் மிகவும் வேண்டப்படுவது சிலுவையைப் பற்றிய அதிகாரம் என்போம். சிலுவை என்பது யாது? நோய், வறுமை, அடங்காத பிள்ளை, குடிகாரக் கணவன், கூலி போதாமை, கூரை ஒழுகுதல் என்றிவற்றையெல்லாம் 'உனக்குக் கொடுக்கப்பட்ட சிலுவை' என்று சொல்லும் பிரசங்கத்தை நாம் ஒருமுறையன்று, பலமுறை கேட்டிருக்கிறோம். பால்மரம் வெட்டிய காலத்திலும் கேட்டனர். செம்பனைக் குலை வெட்டும் இக்காலத்திலும் கேட்கின்றனர். இந்துக்களிடையே இதற்கே 'தலைவிதி' என்று பெயர். பெயர் வேறு, சரக்கு ஒன்று.

போன்ஹோபர் இதனை ஒப்பவில்லை. இயல்பாய் வாழ்க்கையில் வந்துசேரும் துன்பமும் தற்செயலாய் நேரும் ஆபத்தும் சிலுவை ஆகா என்று அவர் தெளிவாகவே மறுக்கிறார். கிறிஸ்துவின் பின்னே செல்கின்ற காரணத்தினாலேயே, அஃதொன்றினாலேயே, ஒருவன்மேல் வரும் நிந்தையும் துன்பமும் புறக்கணிப்புமே சிலுவை. இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம்; தோட்டத்தில் வைத்துப் பார்த்தால் எத்துணைப் பெரிது! ஒழுகும் கூரை சிலுவையன்று. அது பழுதுபார்க்கவேண்டிய கூரை. கூலியைக் குறைத்து எழுதுவது தெய்வசித்தம் அன்று, அது களவு. அக்களவைக் கண்டு பேசியவனுக்கு வேலை போனால், ஆசிரியர் கணக்குப்படி, அவன் பேசியது தன் குருவின்பொருட்டாயின் அதுவே சிலுவை. வறியவன் ஏற்கெனவே எல்லாம் மறுக்கப்பட்டவன். மறுக்கப்பட்டவனை நோக்கி 'உன்னை நீயே மறுத்துக்கொள்' என்று சொல்லுவது, காலிப் பையைக் கவிழ்த்துக் காணிக்கை கேட்பதுபோலும்.

இவ்விடத்தில் ஒரு சிறு குறிப்பு. சிலுவையை எடுத்துக்கொண்டு வரும்படி சொல்லப்பட்ட வாக்கியம் மத்தேயு, மாற்கு, லூக்கா என்னும் மூவர் எழுதிய சுவிசேஷங்களிலும் உண்டு. 'அனுதினமும்' என்னும் சொல்லோ லூக்காவில் மட்டுமே காணப்படுகிறது. இவ்வொரு சொல் வேறுபாட்டில் நமக்கு மிகுந்த சுவை தோன்றுகிறது. ஒருநாள் தூக்குமேடை ஏறுகிறவனுக்கு உலகம் மாலையிடும். தினந்தோறும் விடியுமுன் பெரட்டுக்கு வந்து நிற்பதுபோல், நேற்றுச் செய்ததையே இன்றும், இன்று செய்ததையே நாளையும், எவர் பார்வையிலும் படாமல் செய்கிறவனுக்கு மாலையில்லை. போன்ஹோபர் தூக்குமேடையில் இறந்தவராகையால் அவர் நூலைப் படிப்போர் மேடையையே நினைக்கின்றனர். ஃபின்கன்வால்டேயில் ஊதியத்துக்கும் வேலைக்கும் உறுதியில்லாத இளைஞரோடு ஒரே மேசையில் உண்டு, நாள்தோறும் குறித்த வேளையில் தியானித்து, ஒருவர்க்கொருவர் குற்றம் சொல்லி மன்னிப்புக் கேட்டு நடத்திய அந்த அலுப்பான வாழ்க்கையை நினைப்பாரில்லை.

கீழ்ப்படிதலைப் பற்றிய பகுதியில் ஆசிரியரின் நகைச்சுவை வெளிப்படுகிறது. போய்ப் படுத்துக்கொள் என்று தந்தை சொன்னால் பிள்ளை போய்ப் படுக்கவேண்டும். நம்மிற் சிலரோ, 'நாம் களைப்பாயிருக்கிறோம் என்பதே தந்தையின் கருத்து. களைப்பு விளையாடினாலும் தீரும். ஆகையால் விளையாடப் போவதே தந்தையின் சொற்படி நடப்பது' என்று வாதித்து வெளியே ஓடுகின்றனர். உள்ளதை விற்றுத் தரித்திரர்க்குக் கொடு என்று அந்தப் பணக்கார வாலிபனுக்குச் சொன்னதை, 'வைத்துக்கொள்ளலாம், மனத்தில் பற்று மட்டும் வேண்டா' என்று வேதபண்டிதர் விரித்த உரை இவ்வகையைச் சேர்ந்ததாம். இவ்வுரை கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியதன்று. நம் கீதை வியாக்கியானக்காரரிடத்தும் இந்தச் சாமர்த்தியத்தைக் கண்டிருக்கிறோம்.

ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த லேவி அழைத்தவுடன் எழுந்து சென்றான் என்பதையும் ஆசிரியர் பாராட்டுகிறார். அவன் முன்பே யோசித்தானா, மனம் மாறியிருந்தானா என்று கதை சொல்லாததே அதன் சிறப்பு என்கிறார். லேவி நம் தொழிலினன். மேசையும் கணக்கும் உடையவன். அன்று மாலை அக்கணக்கை முடித்தது யார், குறைவு யார் தலையில் விழுந்தது என்று கேட்க நமக்கு ஆசை. வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. பேதுருவுக்கு மாமியார் இருந்தாள் என்று சுவிசேஷம் சொல்லுகிறது. ஆகவே மனைவியும் இருந்தாள். வலையை விட்டுச் சென்றவனுடைய தியாகம் நூல் முழுதும் பேசப்படுகிறது. வலை விடப்பட்டபின் உலையில் என்ன வைத்தாள் என்பது பேசப்படவில்லை. உறவுகளைப் பிரிவது பற்றி ஓர் அதிகாரமே உண்டு. எனினும் அது பிரிந்தவன் பக்கத்தில் நின்று எழுதப்பட்டதேயன்றி, பிரியப்பட்டவள் பக்கத்தில் நின்று எழுதப்பட்டதன்று. விவாகமாகாத இளைஞர் விவாகமாகாத இளைஞர்க்கு நடத்திய பாடம் என்பதனால் இக்குறை நேர்ந்தது போலும். அன்றாடச் செலவில் பெரும்பங்கு எவள் கையால் செல்லுகிறதோ அவளைக் கணக்கில் சேர்க்காத சீடத்துவம் அரைக்கணக்கே.

இனி, நாம் இந்நூலோடு நேரே மாறுபடும் இடம். உலகத்தின் கண்ணுக்குத் தெரியும் சபையைப் பற்றிப் பேசும் அதிகாரத்தில் ஆசிரியர் பவுலின் நிருபங்களை எடுத்துக்கொண்டு, அடிமையாயிருக்கையில் அழைக்கப்பட்டவன் அந்நிலையிலேயே இருக்கலாம் என்னும் உபதேசத்தை விளக்குகிறார். அநீதியான சமுதாய ஏற்பாட்டை ஆதரிப்பதற்காகப் பவுல் இவ்வாறு சொல்லவில்லை, கிறிஸ்துவுக்குள் அவன் ஏற்கெனவே விடுதலை பெற்றவன், ஆகையால் கலகம் அவனுக்கு வேண்டுவதில்லை என்பது அவர் கூற்றின் சாரம். அதிகாரத்திலிருப்போர் நல்லவராயினும் தீயவராயினும் கிறிஸ்தவன் பணிந்து நன்மை செய்யக்கடவன் என்றும் அவ்விடத்தே எழுதுகிறார்.

இதனை ஜெர்மனியில் படிப்பது வேறு. இந்நாட்டில் படிப்பது வேறு. நம் மூதாதையர் ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறியவர்கள். மலாயாவில் அம்முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி வழியாய் ஆள்சேர்ப்பது 1938 வரை நடந்தது. 1941-இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் வேண்டியவற்றுள் ஒன்று, துரைமாரையும் தோட்ட உத்தியோகஸ்தரையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பது. உத்தியோகஸ்தர் என்பதில் கிராணிமாரும் அடக்கம் என்பதை நம் தொழிலார் மறந்துவிடலாகாது. அவ்வேலைநிறுத்தம் படையைக் கொண்டு அடக்கப்பட்டது, உயிர்களும் போயின. 'நீ உள்ளத்தில் ஏற்கெனவே விடுதலை பெற்றவன், ஆகையால் சைக்கிளை விட்டு இறங்கு' என்று அத்தொழிலாளியிடம் சொல்ல இந்த அதிகாரம் இடந்தருகிறதா இல்லையா? இடந்தருகிறது என்றே நாம் அஞ்சுகிறோம். உள்ளத்தில் மட்டும் கிடைக்கும் விடுதலை, உள்ளத்தில் மட்டும் பற்றுவிட்ட பணக்காரனின் துறவைப் போன்றதே. பணக்காரன் வாதத்தைப் பிள்ளைவிளையாட்டு என்று சிரித்த ஆசிரியர், அடிமையின் விஷயத்தில் அதே விளையாட்டில் இறங்கிவிட்டார்.

ஆயினும் அவருடைய வாழ்க்கை அந்த அதிகாரத்தோடு நிற்கவில்லை. 1939-இல் நியூயார்க்கில் பத்திரமாய்த் தங்கியிருக்க வழியிருந்தும் சில வாரங்களில் தாய்நாடு திரும்பினார். இட்லரை வீழ்த்தச் சூழ்ந்தோரோடு சேர்ந்தார். 1943 ஏப்ரலில் சிறைப்பட்டார். 1945 ஏப்ரல் 9-இல் ஃப்ளாசன்பூர்க் முகாமில், 39-ஆம் வயதில், தூக்கிலிடப்பட்டார். தீய அதிகாரிக்கும் பணிக என்று எழுதிய கை, அவ்வதிகாரியைக் கவிழ்க்கும் சதியில் சேர்ந்தது. இதனை முரண்பாடு என்று மறைக்க முயலும் பக்தர்களிடத்தும், இதுவே அவர் நூலின் பொருள் என்று நீட்டி முழக்கும் பக்தர்களிடத்தும் நமக்கு உடன்பாடில்லை. 1944 ஜூலை 20-இல் இட்லரைக் கொல்லச் செய்த முயற்சி தவறியது. மறுநாள் சிறையிலிருந்து நண்பர்க்கு எழுதிய கடிதத்தில், இந்நூலின் அபாயங்கள் இப்போது தமக்குப் புலப்படுகின்றன என்றும், எனினும் தாம் எழுதியதன்கண் உறுதியாய் நிற்பதாகவும் அவரே குறித்துள்ளார். தம்மைப் பரிசுத்தமாக்கிக்கொள்ளும் முயற்சியை விட்டு, உலகத்தின் கடமைகளிலும் குழப்பங்களிலும் முழுதும் இறங்கியே ஒருவன் விசுவாசிக்கக் கற்கிறான் என்பது அக்கடிதத்தின் கருத்து.

நடையைப் பற்றி ஒரு சொல். மலைப்பிரசங்கத்தை வரிவரியாய் விளக்கும் நடுப்பகுதி, வேதாகமம் அருகில் இல்லாதவர்க்கு இழுவையாய் இருக்கும். நமக்கும் அவ்வாறே இருந்தது. முதல் ஆங்கிலப் பதிப்புச் சுருக்கப்பட்டது. முழு உருவம் 1959-இல் வந்தது. 2001-இல் 'சீடத்துவம்' என்று மட்டும் பொருள்படும் தலைப்போடு புதிய மொழிபெயர்ப்பும் வந்துள்ளது. ஆங்கிலம் கற்ற இளைஞர் கடைசியிற் சொன்னதையே தேடிப் படிப்பது நலம். நேரம் குறைந்தவர்கள் கிருபை, கீழ்ப்படிதல், சிலுவை என்னும் மூன்று பகுதிகளையும் முதலில் படித்து, பின்னர் அடிமையைப் பற்றிய அதிகாரத்தையும் 1944 ஜூலை 21-ஆம் தேதிக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படிப்பார்களாக. அக்கடிதம் அவருடைய சிறைக்கடிதத் தொகுப்பில் கிடைக்கிறது.