வயிற்றுக்கடியில் ஒரு புல்வெட்டி

டிராக்டர் என்றாலே வேலை முழுவதும் பின்பக்கம் என்ற பழக்கத்தில் வளர்ந்தவன் நான். கலப்பை, ரோட்டவேட்டர், டிப்பர் எதுவானாலும் பின்னால் மாட்ட வேண்டும், கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்ட வேண்டும். அமெரிக்காவின் வட கரோலினாவில் இரண்டு ஏக்கர் புல்வெளியோடு வீடு அமைந்து, அதற்கென்று ஒரு குட்டி டிராக்டரைத் தேடிப் போனபோதுதான் அந்த அதிசயத்தைப் பார்த்தேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், ஓட்டுகிறவரின் காலடியில் தொங்கியது புல்வெட்டி. இங்கே அதை மிட் மவுண்ட் டெக் என்கிறார்கள். அன்று சொக்கியவன், இன்னும் மீளவில்லை.

என்னுடையது ஜான் டியர் 1025ஆர். மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின், சுமார் 24 குதிரைத்திறன். நடுவில் மாட்டியிருப்பது 60 இன்ச் டெக், உள்ளே மூன்று பிளேடுகள். இதற்குச் சக்தி தருவது, எஞ்சின் சக்தியைக் கருவிக்குக் கடத்தும் பின்பக்கப் பி.டி.ஓ. தண்டு இல்லை, வண்டியின் வயிற்றுப் பகுதியில் தனியாக ஒரு மிட் பி.டி.ஓ. உண்டு. பின் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று என்றால், இது 2,000 சுற்றைத் தாண்டும்.

ஆனால் என்னை மயக்கியது இந்தக் கணக்குகள் இல்லை. மரத்தைச் சுற்றி வெட்டுகிற சுகம்! எங்கள் வீட்டைச் சுற்றி ஓக், மேப்பிள், டாக்வுட் என்று எங்கு பார்த்தாலும் மரங்கள். ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே போனால், கோலத்தில் புள்ளியை வளைத்து இழை இழுப்பதுபோல டெக்கின் விளிம்பு அடிமரத்தை ஒட்டி வழுக்கிக்கொண்டு போகும். கண் பார்க்கும் இடமும் பிளேடு வெட்டும் இடமும் ஒன்றுதான். குனிந்து பார்த்தால் டெக்கின் ஓரம் தெரிகிறது, வேருக்கும் அதற்கும் எத்தனை விரற்கடை இடைவெளி என்பதும் தெரிகிறது. கழுத்து வலி என்ற பேச்சுக்கே இடமில்லை. பூம்பாத்தி ஓரம், வேலியோரம், கிணற்று மூடியைச் சுற்றி என எல்லா இடத்திலும் இதே அழகு.

பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் இருப்பது பின்னால் மாட்டும் ஃபினிஷ் மோவர். ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார், ஓட்டினேன். 1939-இல் ஃபோர்டு 9என் டிராக்டரோடு ஹாரி ஃபெர்குசன் பரவலாக்கிய அதே மும்முனை இணைப்பில்தான் அது தொங்குகிறது. நான்கு மூலையிலும் சொந்தச் சக்கரங்கள் இருப்பதால் மேடுபள்ளத்தில் அழகாக மிதந்து வரும். திறந்த வெளியில் அது வெட்டிப் போட்ட பட்டையைப் பார்த்தால் குறை சொல்ல மனம் வராது. சிக்கல், திரும்பும்போதுதான். வண்டியின் மூக்கு இடப்பக்கம் திரும்ப, பின்னால் இருக்கிற மோவர் வலப்பக்கம் வீசும். மரத்தருகே அந்த வீச்சுக்கு இடம் விட்டே ஆக வேண்டும், விட்ட புல்லை அப்புறம் கைமெஷினால் வெட்ட வேண்டும். போதாக்குறைக்குப் பின் சக்கரங்கள் முதலில் புல்லை மிதித்துப் படுக்க வைத்துவிடும், பிளேடு அதற்குப் பிறகுதான் வரும். நடுவில் இருக்கும் டெக்குக்கு இந்தத் தொல்லை குறைவு: முன் சக்கரங்கள் மட்டுமே முந்திப் போகின்றன, அவையும் சிறியவை.

எங்கள் மண் பீட்மாண்ட் பகுதியின் சிவப்புக் களிமண், நிலமோ சரிவு. பின்னால் கனமான மோவரைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் முன் சக்கரங்களில் எடை குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும். டெக் நடுவில் இருந்தால் எடை தாழ்வாக, நான்கு சக்கரத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். அதற்காகத் தலைக்கு மேல் உள்ள பாதுகாப்புக் கம்பியை மடக்கிவிட்டு ஓட்டக் கூடாது. கம்பி நிமிர்ந்திருக்கட்டும், சீட் பெல்ட்டும் இடுப்பில் இருக்கட்டும்.

டெக்கைக் கழற்றி மாட்டுவது பெரும்பாடு என்று பலர் பயமுறுத்துவார்கள். இந்த வண்டியில் டெக் தரையில் கிடக்க, அதன் மேலேயே டிராக்டரை ஏற்றி ஓட்டுகிறேன். சரியான இடத்துக்கு வந்ததும் பி.டி.ஓ. இணைப்பு தானாகவே பூட்டிக்கொள்கிறது! வீட்டுக்கு யார் வந்தாலும் இதைக் காட்டாமல் அனுப்புவதில்லை. முன்னால் பக்கெட் போட்டு மண் அள்ள வேண்டிய நாளில் டெக்கை இறக்கிவிட்டு வெளியே ஓட்டி வந்துவிடலாம். அது வயிற்றுக்கடியில் இருக்கும்வரை தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி குறைவு, காட்டுக்குள் போக முடியாது என்பது உண்மைதான்.

இங்கே வளர்வது டால் ஃபெஸ்க்யூ என்ற குளிர்பருவப் புல். மூன்றரை இன்ச் உயரத்தில் வைத்தால் கோடையைத் தாங்கும், ஒட்ட வெட்டினால் காய்ந்துவிடும். ஒருமுறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கக் குமிழ் ஒன்றைத் திருகினால் போதும். ஐந்தடி அகலத்தில் மணிக்கு நான்கு மைல் வேகம் என்றால் கணக்குப்படி மணிக்கு 2.4 ஏக்கர். வளைவும் மரமும் போக, இரண்டு ஏக்கரை ஒன்றேகால் மணியில் முடித்துவிடுகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் மழையும் பெய்து புல் மளமளவென்று வளரும்போது, சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்கிறேன்.

மரமே இல்லாத மேய்ச்சல் நிலம் பத்து ஏக்கர் வைத்திருக்கிறவர் பின்னால் மாட்டுவதையே வாங்கட்டும். அது இன்னொரு டிராக்டருக்கும் பொருந்தும். நடு டெக் அந்தந்த மாடலுக்கென்றே செய்தது. இடுப்பளவு களை என்றால் இரண்டுமே வேண்டாம், புஷ் ஹாக் வகை ரோட்டரி கட்டர்தான் சரி. வீட்டைச் சுற்றி மரமும் பாத்தியும் சரிவும் உள்ளவர்கள் மட்டும் தயங்காமல் நடு டெக்கைக் கேளுங்கள். விலை பேசும் முன் வண்டியின் வயிற்றுக்கடியில் குனிந்து, மிட் பி.டி.ஓ. தண்டு இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். சில மாடல்களில் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பிறகு பொருத்திக்கொள்ளலாம் என்று விட்டால் செலவு கூடும். அதுவரை சனிக்கிழமைகளும் வீண்.